தரகர் டக்கெட் சொன்ன ‘வேண்டாம்’

“ஒருத்தன் வேண்டாம்னு சொல்லிட்டா அதோட விட்டுடுவாங்களா? திரும்பி வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?”

மாட்டுத் தரகர் ஆரின் டக்கெட் இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் கேட்காத ஆளில்லை. பெட்ரோல் பங்கில் கேட்டார். தேவாலய வாசலில் கேட்டார். முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்திக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். என்னிடமும் ஒருமுறை கேட்டார்.

எங்கள் ஊரான கோல்டரில் செவ்வாய்க்கிழமை என்றால் மாட்டு ஏலம். சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து மாடுகள் வந்து இறங்கும். ஆரின் அவற்றை வாங்கி, கொழுக்க வைத்து விற்கும் பெரிய பட்டிகளுக்கு லாரி ஏற்றி அனுப்புவார். மற்ற நாட்களில் பண்ணை பண்ணையாகப் போய் நேரடியாக விலை பேசுவார். எங்கள் ஐடஹோ மாநிலத்தின் தென்பகுதியில் அவருக்குத் தெரியாத வேலிக்கதவு கிடையாது.

அவருடைய தொழிலில் முதல் வார்த்தை ‘வேண்டாம்’. பண்ணைக்காரர் ஒரு விலை சொல்வார். ஆரின் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்து, “வேண்டாம்ப்பா” என்பார். கைகுலுக்கிவிட்டு நிதானமாகத் தன் பிக்கப் வண்டியை நோக்கி நடப்பார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைப்பார். இன்னொரு கால் தரையில்தான் இருக்கும். அந்தக் காலை அவர் தூக்குவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும். “யோவ் டக்கெட், இங்க வாய்யா. வந்த மனுஷன் இப்படிப் போனா எப்படி?” அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்னொரு முறை கேள், அப்போது நானும் இறங்கி வருகிறேன் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் அது தெரிந்ததால் யாருக்கும் மனவருத்தம் இருந்ததில்லை.

ஏலக் கொட்டகையை ஒட்டிக் காபிக்கடை வைத்திருந்த நெல்டாவுக்கும் இது அத்துப்படி. “காபி வேணுமா?” என்பாள். “வேண்டாம்” என்பார். “வேணுமான்னு கேட்டேன்” என்பாள். “சரி, ஊத்து.” தினமும் இதே கூத்துதான்.

“கல்யாணத்துக்கே இவன் முதல்ல வேண்டாம்னுதான் சொன்னானாம்” என்று பண்ணைக்காரர் கேலன் ப்ரூஸ்டர் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். “ஜனீல் திரும்ப வந்து கேட்டதாலதான் குடும்பஸ்தன் ஆனான்.”

ஜனீல் அவரை விட்டுப் போனபோது மட்டும் யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. மகள் மேரனுக்குப் பத்து வயதானபோது ஜனீல் பக்கத்து மாநிலமான நெவாடாவில் உள்ள எல்கோவுக்கு, ஒரு ஓட்டல் வேலைக்குப் போய்விட்டாள். யாரோடு இருக்கப் பிரியப்படுகிறாய் என்று நீதிபதி மேரனைக் கேட்டார். “அப்பாகூட” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “அப்பா வண்டியில எனக்குன்னு ஒரு சீட்டு இருக்கு” என்றாள். ஆரினுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பேறு ஒன்று வாய்த்ததில்லை. மகள் தன்னைத் தேர்ந்தெடுத்தாள் என்பதை அவர் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. ஆனால் வண்டியில் அந்தப் பக்க சீட்டில் ஒரு கயிற்றைக்கூடப் போட்டுவைக்க மாட்டார்.

சனிக்கிழமைதோறும் அவள் கூடப் போவாள். தரையில் ஊன்றிய கால் எப்போது மேலே ஏறும் என்று உள்ளேயிருந்து பார்த்துச் சிரிப்பாள். “அப்பா, இந்த ஆளு கூப்பிட மாட்டாரு, பாரேன்.” “கூப்பிடுவாரும்மா. வாயை மூடிட்டு இரு.” கூப்பிட்டுவிடுவார்கள்.

அவளுக்குப் பதினைந்து வயது நடந்த பிப்ரவரியில், கன்றுகள் ஏற்றிய டிரெய்லரோடு பள்ளத்தாக்குச் சாலையில் இறங்கும்போது வண்டி பனிக்கட்டியில் வழுக்கியது. முதலில் டிரெய்லர் சாய்ந்தது. அது பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலில் கவிழ்த்தது. அப்பாவும் மகளும் சீட்டுப் பெல்ட்டில் தொங்கிக் கீறலோடு தப்பினார்கள். கன்றுகள் தப்பவில்லை. கால் முறிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து கத்தின. அப்படிக் கிடப்பதை அப்படியே விடுவது எங்கள் பக்கத்தில் பாவம். ஆரின் சீட்டுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுத்தார். “மேரன், கண்ணை மூடிக்கோ. காதைப் பொத்திக்கோ” என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சுட்டார்.

இழுவை வண்டியில் ஊர் திரும்பும்போது கேட்டார். “நீ சரியாத்தானே இருக்கே?”

“ம்” என்றாள் மேரன்.

நல்லது என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுவாரம் வேறு டிரெய்லர் வாங்கினார். மேரன் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். வயசுப் பெண், அவளுக்கென்று ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மெல்ல மெல்ல அந்த சீட்டில் கயிறும் ரசீதுகளும் குவிந்தன.

அந்த வசந்தத்தில் பள்ளியில் நடந்தது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. இரவில் தூங்காமல் பகலில் வகுப்பில் தூங்கிய மேரனைப் பள்ளியின் மனநல ஆலோசகர் கான்ட்ரெல் டீச்சர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு மேரன் பேச ஆரம்பித்தாள். அவளை நாடக மன்றத்தில் சேர்த்துவிட்டதும் அந்த டீச்சர்தான். மேடையில் ஏற மாட்டேன் என்று சொன்னவளுக்கு மேடைக்கு மேலே, விளக்குகள் தொங்கும் இரும்புப் பலகையில், அவற்றை இயக்க இடம் கொடுத்தார்கள். மே மாதம் நாடகம் போட்டபோது ஆரின் போய்ப் பார்த்தார். பாதி நேரம் தூங்கினார். ஆனால் கடைசியில் மேடைமீது மெல்லப் படர்ந்த நிலா வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

“நிலா நல்லா இருந்துச்சு” என்றார் வீட்டுக்கு வரும் வழியில்.

“அது நான் போட்டது” என்றாள் மேரன். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஆகஸ்டில் பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு காகிதம் வந்தது. மாநிலத்தின் புதுச் சட்டப்படி இனிமேல் பிள்ளைக்கு நர்ஸ் ஏதாவது செய்வதற்கும், ஆலோசகர் தனியாகப் பேசுவதற்கும், மன்றங்களில் பிள்ளை சேருவதற்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது வேண்டாம் என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும்.

நெல்டா கடையில் அன்று அதுதான் பேச்சு.

“யோவ் ஆரின், உனக்கும் வந்துச்சா?” என்றார் கேலன்.

“வந்துச்சு. பிள்ளைக்குத் தலை வலிச்சா மாத்திரை குடுக்கலாமான்னு என்னைக் கேக்கறாங்க.”

“கேக்கத்தானே வேணும். இத்தனை வருஷம் யாரைக் கேட்டுக் குடுத்தாங்க? நான் எல்லாத்துக்கும் வேண்டாம்னு போட்டுட்டேன். என் பிள்ளையைத் தனியா உக்காரவெச்சு இன்னொருத்தி என்ன பேசறது? வீட்டு விஷயத்தைப் பூரா கறந்துடுவா.”

“உன் வீட்டுல கறக்கறதுக்கு என்ன இருக்கு கேலன்? அது எப்பவோ வத்திப்போச்சு” என்றாள் நெல்டா காபி ஊற்றிக்கொண்டே. கடையே சிரித்தது.

ஆரினும் சிரித்தார். “நானும் வேண்டாம்னுதான் போடப்போறேன்” என்றார். “ஆனா கேலன் சொல்ற காரணத்துக்கு இல்ல. எடுத்த எடுப்புல சரின்னுட்டா அதுக்கு ஒரு மதிப்பு இருக்காது. அவங்களுக்கு நிஜமா வேணும்னா வருவாங்க. வந்து, இன்னதுக்குன்னு சொல்லட்டும். சரின்னு போட்டுட்டாப் போச்சு.”

“பள்ளிக்கூடம் என்ன மாட்டுச்சந்தையா?” என்றாள் நெல்டா.

“எல்லாமே சந்தைதான்மா.”

நெல்டாவின் பேனாவை வாங்கி மூன்றுக்கும் ‘வேண்டாம்’ என்று குறித்தார். கையெழுத்துப் போட்டார். அவருக்கு நர்ஸ்மீது கோபமில்லை. ஆலோசகர் யாரென்றே தெரியாது. மன்றம் என்றால் நிலா வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது. அதைப் பிடித்தும் இருந்தது. விலையை மறுத்துவிட்டு நடக்கிறவர் கையை வீசி நடப்பதுபோல, ஒரு பழக்கமாகத்தான் குறித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது மேரன் கேட்டாள். “அப்பா, ஸ்கூல் பேப்பர் அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“என்ன போட்டே?”

“வேண்டாம்னு. இப்போதைக்கு. அவங்களா வந்து கேப்பாங்கல்ல, அப்ப பாத்துக்கலாம்.”

மேரன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த டீச்சர் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு என்று அப்பா கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வாள்? அந்த அறையில் அவள் பேசியதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அதோடு, அந்த வண்டியில் உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், அப்பா திரும்பிப் போவார் என்று அவளும் நம்பினாள்.

“சரி” என்றாள்.

பள்ளி நிர்வாகம் பயந்துபோயிருந்தது. சட்டம் ஒரு முழம் சொன்னால் இவர்கள் தங்கள் பங்குக்கு இரண்டு முழம் நீட்டியிருந்தார்கள். வேண்டாம் என்று குறித்த பெற்றோரிடம் யாரும் மறுபடியும் அதைப் பற்றிப் பேசக்கூடாது, பேசினால் வற்புறுத்தியதாக ஆகும், வேலை போகும் என்று ஆசிரியர்களுக்கு உத்தரவு.

பள்ளி திறந்த வாரம் மேரன் கான்ட்ரெல் டீச்சரின் அறைக்குப் போனபோது, டீச்சர் எழுந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

“உள்ளே கூப்பிட முடியாது கண்ணு. உங்கப்பா வேண்டாம்னு எழுதிட்டார். வழியில பாத்தா குட் மார்னிங் சொல்லலாம். அதுக்கு மேல முடியாது.”

“நீங்க ஒரு தடவ போன் பண்ணிக் கேளுங்க டீச்சர். எங்கப்பா முதல்ல அப்படித்தான் சொல்வாரு. திரும்பக் கேட்டா சரின்னுடுவாரு.”

“திரும்பக் கேக்கத்தான் கூடாதுன்னு இருக்கு.”

“அப்ப யாருதான் கேப்பாங்க?”

டீச்சர் உள்ளே போகவில்லை. கதவை மூடவும் இல்லை. மேரன்தான் திரும்பி நடந்தாள். இரும்புப் பலகை மேலிருந்த இடத்துக்கு அந்த வாரமே வேறொரு பையனைப் போட்டார்கள்.

ஆரின் காத்திருக்கத்தான் செய்தார். செப்டம்பர் முழுக்க யாரும் வரவில்லை. ‘அப்படியொன்றும் அவசியமில்லை போலிருக்கிறது. இருந்தால் கேட்டிருப்பார்கள்’ என்று முடிவுகட்டினார். பிறகு மறந்துபோனார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மரவேலை வகுப்பில் மேரனுக்கு மிக அருகில் ஒருவன் ஆணி அடிக்கும் துப்பாக்கியை வரிசையாக இயக்கினான். டப், டப், டப். நாலைந்து சத்தம் கேட்டதும் மேரன் மேசைக்கு அடியில் போய்விட்டாள். மூச்சு ஏறுகிறது, இறங்கவில்லை. கைவிரல்கள் வளைந்து இறுகிக்கொண்டன. இரண்டு பேர் தூக்கிப்போய் நர்ஸ் அறையில் விட்டார்கள். நர்ஸ் கணினியைப் பார்த்தாள். டக்கெட், வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆபத்து இல்லை என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. அதனால் எதுவும் செய்ய முடியாது. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

ஏல வளையத்தின் ஓரத்தில் நிற்கிறவர் போனை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் வருவார். அங்கே கையைக் காதுவரை தூக்கினாலே விலை கேட்டதாகிவிடும். ஆரினின் போன் பிக்கப்பில், ஒருகாலத்தில் மேரனுடையதாக இருந்த சீட்டில், கயிறுகளுக்கு நடுவே கிடந்து அடித்துக்கொண்டேயிருந்தது.

நர்ஸ் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மேரனை உட்காரவைத்தார்கள். படுக்கையில் படுக்கவைத்தாலே சிகிச்சை ஆகுமோ என்று நர்ஸுக்குப் பயம். கான்ட்ரெல் டீச்சர் தாழ்வாரத்தின் கடைசியில் வந்து நின்றார். பக்கத்தில் வரவில்லை. வர அவருக்கு அனுமதி இல்லை. மணி அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கூட்டமாக வந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேரனின் மூச்சு தானாகவே அடங்கியது. அதற்கு வெகுநேரம் ஆனது.

ஏலம் முடிந்து போனைப் பார்த்துவிட்டு ஆரின் பறந்து வந்தார். மகள் அதே நாற்காலியில் இருந்தாள். மடியில் கைகள் சும்மா கிடந்தன.

“என்னம்மா இது? ஒரு மாத்திரை, ஒரு வாய் தண்ணி, எதுவுமா குடுக்கல?” என்று நர்ஸிடம் கத்தினார்.

“நீங்கதான் வேண்டாம்னு போட்டிருக்கீங்க சார்.”

“போட்டேன். யாரு இல்லேன்னா? அப்பறம் ஏன் என்னை வந்து கேக்கல?”

கான்ட்ரெல் டீச்சர் அருகில் வந்தார். “கேக்கக் கூடாதுன்னு உத்தரவு மிஸ்டர் டக்கெட்.”

“நான் வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமில்லைம்மா! இந்த ஊருக்கே தெரியும்.”

“இங்க அதுக்கு வேற அர்த்தம் கிடையாது சார். உங்க மகள் என்கிட்ட சொன்னா, எங்கப்பாவைத் திரும்பக் கேளுங்கன்னு. கேக்க எனக்குத் தைரியம் வரல. வேலை போயிடும்னு பயந்துட்டேன். அதை நான் மறைக்கல.”

மகள் அந்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பதே ஆரினுக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே புதுச் சம்மதக் காகிதம் ஒன்றை வாங்கி, சுவரில் வைத்து, மூன்றுக்கும் சரி என்று அழுத்தி அழுத்திக் குறித்தார். காகிதத்தில் ஓட்டை விழுந்தது. வாங்கிய மாட்டை லாரியில் ஏற்றிவிட்டவரைப்போல அவருக்கு மூச்சு சீரானது.

“எல்லாம் சரின்னு போட்டுட்டேன். இனிமே போய் டீச்சர்கிட்ட தாராளமாப் பேசு” என்றார் வண்டியில். கயிறுகளை அள்ளிப் பின்னால் எறிந்து அவளுக்கு இடம் செய்திருந்தார்.

“வேண்டாம்ப்பா.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு ஓரளவு நிம்மதிகூட வந்தது. அது தன் வீட்டுச் சொத்து. மகள் தன்னைப்போலவே பேசுகிறாள், இறங்கி வருவாள் என்று நினைத்தார். மறுநாள் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். ஒரு குதிரை வாங்கித் தருவதாகச் சொன்னார். நாடக மன்றத்துக்குப் புது விளக்கே வாங்கித் தருகிறேன் என்றார். மேரன் பேரம் பேசவில்லை. அப்பாவின் திருப்திக்காகக் கான்ட்ரெல் டீச்சரின் அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், மணி அடித்ததும் எழுந்து வந்தாள். “அவ வாயே திறக்கல சார்” என்றார் டீச்சர். “தாழ்வாரத்துல அவ உக்காந்திருந்தப்ப நான் தூரத்துல நின்னேன். இப்ப அவ தூரமா உக்காந்திருக்கா. உங்க கையெழுத்து கதவைத்தான் திறக்கும்.”

நவம்பரில், நன்றி சொல்லும் நாள் பண்டிகை விடுமுறைக்கு மேரன் அம்மாவிடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரப் பெட்ரோல் நிரப்பி வைத்திருந்தார் ஆரின். சனிக்கிழமை போன் வந்தது.

“நான் இங்கயே இருந்துக்கறேன்ப்பா. அம்மா ஸ்கூல்ல பேசிட்டாங்க.”

“சரி, கிறிஸ்மஸ் வரைக்கும் இரு. அப்பறமா கேக்கறேன்.”

“கேக்க வேண்டாம்.”

“இப்ப அப்படித்தான் சொல்லுவே.”

“அப்பா, நீ வண்டிக்குள்ள ஒரு கால் வெச்சிட்டு நிக்கற ஆளு. நான் ஏறிப் போயிட்டேன்.”

ஆரின் சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். முதன்முறையாக அவருக்குக் கேட்கத் தோன்றியது. “அந்தக் கன்னுக்குட்டிங்களைப் பத்தியா மேரன்?”

“கண்ணை மூடிக்கோன்னு சொன்னே. நான் மூடல. நீ எப்படி எந்தப் பக்கமும் பாக்காம, வேலை மாதிரி… எல்லாத்தையும் பாத்தேன். அப்பறம் என்னைக் கேட்டே, சரியாத்தானே இருக்கேன்னு. நான் ‘ம்’ன்னு சொன்னேன்.”

“ஆமா. சொன்னே.”

“இன்னொரு தடவ கேப்பேன்னு நெனச்சேன்ப்பா. நீயும் கேக்கல.”

அதற்கப்புறம் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தார்கள். யார் முதலில் வைத்தார்கள் என்று அவருக்கு ஞாபகமில்லை. எல்லோரையும் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது அந்த வாரத்திலிருந்துதான். ஊர் அதைப் பள்ளிக்கூடத்தின் மேலுள்ள புகார் என்று எடுத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர் யாரைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது அவருக்குத் தொழில் நொடித்துவிட்டது. விலை சொன்னதும் வேண்டாம் என்று நடக்க அவரால் முடிவதில்லை. நடந்தாலும் பாதி வழியில் தானே திரும்பிவிடுகிறார். அது தெரிந்ததும் பண்ணைக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். “டக்கெட் இப்ப மாட்டைக்கூட சௌக்கியமான்னு ரெண்டு தடவ கேக்கறான்” என்கிறார் கேலன்.

மறு ஆகஸ்டில் காகிதங்கள் திரும்ப வந்தன. நெல்டா கடையில் ஆண்கள் அவற்றை விரித்துவைத்துப் பேனாவைத் தேடினார்கள். ஆரின் ஒவ்வொரு மேசையாகப் போய், “பிள்ளையைக் கேட்டியா? கேட்டு என்ன சொல்லுச்சு? திரும்பக் கேட்டியா?” என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் காபியைப் பார்த்துக்கொண்டார்கள். கேலன் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் குறித்தார். மற்றவர்களிலும் அநேகம் பேர் அப்படியே.

“காபி வேணுமா?” என்றாள் நெல்டா.

“சரி” என்றார் ஆரின், முதல் தடவையிலேயே. நெல்டா ஊற்றாமல் கொஞ்ச நேரம் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படி ஒரு காகிதம் வரலாம். கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அப்பாவிடமோ அம்மாவிடமோ இந்த ஆரின் டக்கெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். முதல் தடவை அவர்கள் காதில் ஏறாவிட்டால், தயவுசெய்து திரும்பவும் சொல்லுங்கள்.